கோழியும் சோறும் போதுமா? வீட்டில் சமைக்கும் பூனை உணவின் கணக்கு

பூனை வளர்ப்பவர்கள் நான்கு பேர் கூடினால் சாப்பாட்டுப் பேச்சு வராமல் போகாது. ஒருவர், "பாக்கெட் தீனி முழுக்க ரசாயனம், நான் கோழியை வேகவைத்துத்தான் போடுகிறேன்" என்பார். இன்னொருவர், "எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகள் பால் சோற்றிலேயே வளர்ந்தவை" என்பார். மூன்றாமவர், பச்சை இறைச்சிதான் இயற்கை என்று சாதிப்பார். மூவரும் 'சமச்சீர் உணவு' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். சுத்தமான, புதிய, அக்கறையோடு ஆக்கிய உணவு என்பதே மூவர் மனத்திலும் அதற்கு இருக்கும் பொருள்.

அது வேறு, சமச்சீர் வேறு. ஓர் உயிருக்கு வேண்டிய ஒவ்வொரு சத்தும் குறையாமலும் மிகாமலும், ஒன்றுக்கொன்று சரியான விகிதத்திலும் இருந்தால்தான் அது சமச்சீர் உணவு. மிகச் சுத்தமான கோழி நெஞ்சுக்கறி இந்தச் சோதனையில் படுதோல்வி அடையும். ஏன் என்று புரிந்துகொள்ளப் பூனையின் உடலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பாட்டி வீட்டுப் பூனை உண்மையில் என்ன சாப்பிட்டது?

முதலில் பாட்டியின் பால் சோறு. அந்தக் காலத்து வீட்டில் நெல் குதிர் இருந்தது, வைக்கோல் போர் இருந்தது, ஓட்டுக்கூரை இருந்தது. பூனையை வைத்திருந்ததே எலிக்காகத்தான். கிண்ணத்தில் இருந்த பால் சோறு பகல்நேரத்து உபசாரம். இரவில் எலி, பல்லி, குருவி என்று தன் சாப்பாட்டை அது தானே தேடிக்கொண்டது. எலியைத் தின்னும் பூனை அதன் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவதில்லை. எலும்பு, ஈரல், இதயம், இரத்தம் எல்லாம் சேர்த்துத்தான் விழுங்குகிறது. முழு எலி என்பது ஏறக்குறைய முழுமையான பூனை உணவு.

நான்காவது மாடியில், சன்னலுக்கு வலையடித்த வீட்டில் வாழும் பூனைக்கு அந்த இரவுச் சாப்பாடு கிடையாது. நாம் கிண்ணத்தில் வைப்பது மட்டுமே அதன் உலகம். அதே பால் சோறு இப்போது பெரும் பற்றாக்குறையாகிவிடுகிறது. போதாததற்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறனும் குறைந்துவிடும். பால் வைத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

மாவு வாங்கும் வீடு

இட்லிக்கு இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் அரிசியும் உளுந்தும் வாங்கி, ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்துக்கொள்வார்கள். இன்னொரு வீட்டில் கிரைண்டரே இல்லை. தெருமுனைக் கடையில் அரைத்த மாவை வாங்கி வருவார்கள். கடை திறந்திருக்கும்வரை இரண்டாவது வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போய் மாவுக்குப் பதிலாக அரிசியையும் உளுந்தையும் கொடுத்தால் காலையில் இட்லி வராது.

மனித உடல் முதல் வகை வீடு. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-யையும், வெயிலின் துணையோடு தோலில் வைட்டமின் டி-யையும் அது தானே தயாரித்துக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்பவை நொதிகள், அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றித் தரும் புரதங்கள். பூனையின் உடலில் இப்படிப்பட்ட நொதிகள் சில இல்லை, அல்லது பெயருக்கு இருக்கின்றன. அதன் முன்னோர்கள் காலங்காலமாக இரையை மட்டுமே தின்று வாழ்ந்தவர்கள். எலியும் பறவையும் தங்கள் உடலுக்குள் ஏற்கெனவே அரைத்து வைத்திருந்ததைப் பூனை அப்படியே வாங்கிக்கொண்டது. கிரைண்டர் இல்லாதது அதற்குக் குறையாகவே தெரியவில்லை.

இப்படி விலங்கு உடலிலிருந்து கிடைக்கும் சத்துகள் இன்றி வாழ முடியாத உயிரைக் கட்டாய ஊனுண்ணி என்பார்கள். நாய் அப்படியல்ல, பல விஷயங்களில் அது நம் பக்கத்து வீடு. அதனால்தான் நாய்க்குச் சரிப்பட்டு வரும் அறிவுரைகள் பூனையிடம் பலிப்பதில்லை.

பூனை புரதத்தைச் செலவழிக்கும் விதமும் தனி. உணவில் புரதம் குறைந்தால் நம் உடல் சிக்கனத்துக்கு மாறிக்கொள்ளும். பூனையின் ஈரலோ அந்த அளவுக்குச் செலவைக் குறைத்துக்கொள்ளாது. கிண்ணத்தில் புரதம் இல்லையென்றால் தன் தசையிலிருந்து எடுத்து எரிக்கும். வெந்த சோறு பூனைக்கு நஞ்சல்ல, கொஞ்சம் செரிக்கவும் செய்யும். ஆனால் சோறு ஏற ஏற, புரதத்துக்கு வயிற்றில் இடம் குறைந்துகொண்டே போகும்.

சுருக்கமாக: மற்ற விலங்குகள் உடலுக்குள் தயாரித்துக்கொள்ளும் சில சத்துகளைப் பூனை ஆயத்த நிலையில் உண்ண வேண்டும். அவை எவை என்பதுதான் அடுத்த கேள்வி.

டாரின்: கண்ணும் இதயமும் கேட்கும் சத்து

அந்தப் பட்டியலில் முதலிடம் டாரினுக்கு. புரதம் செரிக்கும்போது பிரியும் சிறு மூலக்கூறுகளை அமினோ அமிலங்கள் என்கிறோம். டாரின் அவற்றுக்கு நெருங்கிய உறவு. விழித்திரைக்கும் இதயத் தசைக்கும் இது இன்றியமையாதது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பைச் செய்யவும் ஈரலுக்கு டாரின் வேண்டும். மனித ஈரல் டாரின் குறைந்தால் கிளைசின் என்ற வேறொன்றை வைத்துச் சமாளிக்கும். பூனைக்கு அந்த மாற்று வழி கிடையாது. பித்தத்தோடு தினமும் கொஞ்சம் டாரின் மலத்தில் போய்க்கொண்டே இருக்கும். உடலுக்குள் தயாராவதோ மிகக் குறைவு. வரவு முழுவதும் உணவிலிருந்துதான் வர வேண்டும்.

டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. இதயம் தெரிய இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. 1987-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பூனைகளின் இதயத் தசை மெலிந்து தொய்ந்துபோகும் நோய்க்கு டாரின் குறைவு ஒரு காரணம் என்று காட்டினார்கள். டாரின் கொடுத்தபோது பல பூனைகளின் இதயம் தேறியது. அழிந்த விழித்திரை மட்டும் திரும்புவதில்லை. அன்று பாதிக்கப்பட்ட பூனைகளில் பல, கடையில் விற்ற உணவைத் தின்றவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலைகளும் பட்டுத்தான் கற்றுக்கொண்டன. அதன்பிறகே பாக்கெட் உணவுகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது.

சமையலறைக்கு வருவோம். கோழியின் வெள்ளை நெஞ்சுக்கறியில் இருக்கும் டாரின், அதே கோழியின் தொடைக்கறியில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நிறைய உழைக்கும் தசையில்தான் டாரின் அதிகம்; ஓயாமல் துடிக்கும் இதயம் அதில் செழிப்பானது. நாமோ பூனைக்கு நல்லது செய்வதாக நினைத்துத் தோலுரித்த நெஞ்சுக்கறியைத் தேடி வாங்குகிறோம். பிறகு அதை நிறைய நீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிடுகிறோம். டாரின் நீரில் கரையும். இருந்த கொஞ்சமும் கழுவுதொட்டிக்குள் போய்விடும்.

குறை உடனே தெரியாது என்பதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம். விழித்திரையும் இதயமும் கெட மாதக்கணக்கில் ஆகும். சில பூனைகளில் ஆண்டுக்கணக்கில். அதுவரை ரோமம் பளபளக்கும், பூனை பந்து விளையாடும். "ஆறு மாதமாக இதைத்தான் போடுகிறேன், ஜம்மென்று இருக்கிறது" என்ற சாட்சியம் எதையும் நிரூபிப்பதில்லை.

எலும்பில்லாத இறைச்சியின் கணக்கு

டாரினைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். கால்சியத்தை நினைப்பவர்கள் அரிது. வீட்டு உணவில் மிகப் பெரிய ஓட்டையோ அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோ கலோரி போதும். வெந்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராம் கொடுத்தால் 250 கிலோ கலோரி ஆகிவிடும். அதில் கால்சியம் சுமார் 22 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 340 மில்லிகிராம். அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, 250 கிலோ கலோரி உணவில் குறைந்தது 375 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது. வேண்டியது 375, கிண்ணத்தில் இருப்பது 22.

விகிதத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் பதினைந்து மடங்கு அதிகம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசைகளும் தடுமாறும் என்பதால் உடல் அதை அனுமதிக்காது. கழுத்தில் உள்ள இணைத்தைராய்டு என்ற சிறு சுரப்பிகள் ஹார்மோனை அனுப்பி, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்துக்கு இழுக்கும். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும்; எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே போகும். குட்டிகளிடம் இது வேகமாகத் தெரியும். நொண்டும், தொட்டால் கத்தும், கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். வெறும் இறைச்சி மட்டும் தின்ற குட்டிகளின் இந்த நிலை கால்நடை மருத்துவத்தில் பழைய கதை.

அப்படியானால் எலும்போடு சேர்த்து வேகவைத்தால்? வெந்த எலும்பு கூராகச் சிம்பு பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். எலும்புச் சாற்றில் மணம் இருக்கும் அளவுக்குக் கால்சியம் இருக்காது. முட்டை ஓட்டுப் பொடி நல்ல மூலம்தான். அதை எவ்வளவு சேர்ப்பது என்பது மற்றப் பொருள்களைப் பொறுத்தது, கண்திட்டத்தில் போடக் கூடாது. மருந்துக்கடைக் கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் வைட்டமின் டி3-யும் கலந்திருக்கும். நமக்கான அளவு பூனைக்கு ஆகாது.

சுருக்கமாக: இறைச்சி வேறு, இரை வேறு. நாம் கடையில் வாங்குவது எலும்பும் உறுப்புகளும் நீக்கப்பட்ட இரை. நீக்கியதைக் கணக்குப் பார்த்துத் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

கேரட், வெயில், ஈரல்

கேரட்டும் பூசணியும் நார்ச்சத்துக்காகக் கொஞ்சம் இருக்கலாம். அவற்றின் மஞ்சள் நிறமியை வைட்டமின் ஏ-யாக மாற்றும் கிரைண்டர் பூனையிடம் இல்லை. பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் காய்ந்தாலும் வைட்டமின் டி உருவாவதில்லை. இரண்டும் ஈரல், முட்டை மஞ்சள்கரு, மீன் போன்றவற்றிலிருந்தே வர வேண்டும்.

உடனே தினமும் ஈரல் என்று தாவ வேண்டாம். கோழி ஈரல் மலிவு, பூனைக்கும் அதன் மேல் பித்து. ஆனால் மிகுந்த வைட்டமின் ஏ சிறுநீரில் வெளியேறாது, ஈரலிலேயே சேரும். மாதக்கணக்கில் ஈரலையே தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகளில் புதிய எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பி முதுகை நக்கக்கூட முடியாது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

மீன் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

கடற்கரை ஊர்களில் பூனைக்கு மத்தியும் நெத்திலியும்தான் படி. அவ்வப்போது, வேகவைத்து, கொஞ்சமாகக் கொடுத்தால் தவறில்லை. மீனே முழு உணவானால் இரண்டு தொல்லைகள் காத்திருக்கின்றன. பல மீன் வகைகளில், பச்சையாக இருக்கும்போது, வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி ஒன்று உண்டு. பி1 தீர்ந்த பூனை தலையைத் தூக்க முடியாமல் மோவாயை மார்போடு ஒட்டித் தொங்கவிடும், வலிப்பும் வரலாம். இது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்தது எண்ணெய் மிகுந்த மீன். அதிலுள்ள கொழுப்பைக் கெடாமல் காக்க வைட்டமின் ஈ நிறையச் செலவாகும். அது போதாதபோது உடலின் கொழுப்பு மஞ்சளாகி, வீங்கி, வலிக்கும்.

நமக்காக வைத்த குழம்பிலிருந்து மீன் துண்டை எடுத்துக் கழுவிப் போடுவது பலர் வழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்தாலும் அந்தக் குணம் போகாது, சின்ன வெங்காயத்துக்கும் விலக்கு இல்லை. கழுவினாலும் ஊறிய சாறு போய்விடாது.

பச்சையா, வெந்ததா?

பச்சை இறைச்சி ஆதரவாளர்கள் அடிக்கடி எடுக்கும் ஆயுதம், 1930-களில் கலிஃபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் செய்த பூனைச் சோதனை. பச்சை இறைச்சி தின்றவை செழித்தன, வெந்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்பது அதன் சாரம். பூனைக்கு டாரின் தேவை என்பதே அன்று யாருக்கும் தெரியாது. வேகவைத்ததில் டாரின் குறைந்ததே அந்த நலிவை விளக்கப் போதுமானது என்பது இன்று பலருடைய கருத்து. குறைந்ததைச் சேர்த்துவிட்டால் வெந்த உணவுக்கு எதிரான வழக்கு நிற்காது.

பச்சை இறைச்சிக்கு எதிரான வழக்கோ நன்றாகவே நிற்கிறது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பூனைக்கு மட்டுமல்லாமல், அதே சமையலறையில் புழங்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து. 2024 இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பறவைக் காய்ச்சல் கிருமி இருந்த பச்சை இறைச்சி உணவைத் தின்ற பூனை இறந்தது. நம் ஊர் வெயிலையும், கறிக்கடையிலிருந்து வீடு வரும் நேரத்தையும் நினைத்தால் எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. வேகவையுங்கள், வேகவைத்த நீரையும் சேர்த்தே கொடுங்கள்.

மாமல்லபுரத்துப் பூனை

சைவ வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் தயக்கத்தோடு கேட்பார்கள்: தயிர் சோறு, பனீர், பருப்பு என்று பழக்க முடியாதா? மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில், கையை உயர்த்தி ஒரு பூனை தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அந்தச் சிற்பிக்கே பூனையின் விரதத்தில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. பருப்பில் டாரின் கிடையாது, ஆயத்த வைட்டமின் ஏ-யும் கிடையாது. வீட்டு அடுப்பில் சைவச் சமையல் செய்து பூனையைக் காப்பாற்ற இயலாது. சமையலறைக்குள் இறைச்சி வரக் கூடாது என்பவர்களுக்கு, முழு உணவு என்று குறிக்கப்பட்ட பாக்கெட்தான் நடைமுறை வழி.

நல்ல செய்முறையை எப்படி அடையாளம் காண்பது?

இவ்வளவு படித்த பிறகும் வீட்டில் சமைக்க விரும்புபவர்களைத் தடுக்கப்போவதில்லை. வீட்டு உணவில் நீர் அதிகம்; தாகம் குறைந்த விலங்கான பூனைக்கு அது நல்லது. உணவு ஒவ்வாமை உள்ள பூனைக்கு இன்ன பொருள்தான் போகிறது என்று உறுதியாகத் தெரியும். நோயுற்ற பூனைக்குச் சில வேளை வேறு வழியும் இருக்காது.

ஆனால் செய்முறையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்விற்காக, புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து 114 பூனை உணவுச் செய்முறைகளைத் திரட்டினார்கள். கணக்கிடும் அளவுக்கு விவரம் இருந்தவை 94. அந்த 94-இல் ஒன்றுகூட எல்லாச் சத்துகளையும் வேண்டிய அளவில் தரவில்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் அடக்கம்.

நம்பத் தகுந்த செய்முறை கிராமில் பேசும். நெஞ்சா தொடையா, தோலோடா தோலின்றியா, எடை வேகும் முன்பா பின்பா என்று சொல்லும். எந்தச் சத்துப் பொடி, எத்தனை மில்லிகிராம், எத்தனை கிலோ பூனைக்கு என்று எழுதியிருக்கும். "ஒரு சிட்டிகை", "தேவையான அளவு" எல்லாம் ரசத்துக்குச் சரி. விலங்கு உணவியல் படித்த மருத்துவர் உங்கள் பூனையின் வயது, எடை, நோய் ஆகியவற்றைப் பார்த்து எழுதிக் கொடுப்பதே சிறந்தது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் யாரை அணுகலாம் என்று கேளுங்கள்.

செய்முறை கைக்கு வந்தபின் அதில் கைவைக்காதீர்கள். இந்த வாரம் தொடைக்கறி கிடைக்கவில்லை, நெஞ்சுக்கறி போடுவோம்; பொடியின் வாசனை பூனைக்குப் பிடிக்கவில்லை, பாதி போடுவோம். இப்படியே நாலு மாதத்தில் பழைய கோழிச் சோறு திரும்பிவிடும்.

இத்தனை பாடு முடியாது என்பவர்களுக்கு இடைவழி உண்டு. பையில் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று இருப்பதை முதன்மை உணவாக வைத்து, நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வீட்டு இறைச்சியைக் கொடுத்தால் சமநிலை குலையாது. நம் நாலு கிலோ பூனைக்கு அது சுமார் 15 கிராம் வெந்த கோழி. நக்கித் தின்னும் குழைவுகள் பலவற்றில் 'துணை உணவு' என்றே அச்சிட்டிருக்கும்; அவை அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள்தான் வரும்.

மாற்றும்போது

புதிய உணவைப் பழையதோடு கால் பங்கு கலந்து தொடங்கி, பத்து நாள் வாக்கில் முழுதாக மாற்றலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பழையதற்கே போய் மெதுவாக மீண்டும் முயல வேண்டும். "பசித்தால் தானாகத் தின்னும்" என்று பட்டினி போடுவது பூனையிடம் ஆகவே ஆகாது. உணவு நின்றால் உடற்கொழுப்பு ஈரலுக்குள் குவிந்து அதைச் செயலிழக்க வைக்கும். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டிகள், சினைப் பூனைகள், சிறுநீரக நோய் உள்ளவை ஆகியவற்றுக்கு மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வீட்டு உணவு வேண்டவே வேண்டாம். மற்றவற்றுக்கும் இதயம், கண், இரத்தம் ஆகியவற்றின் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்வது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எடையை நீங்களே பார்க்கலாம். பூனையை ஒரு கூடையில் வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து, மாதாமாதம் காலண்டரில் குறித்துவையுங்கள். நாலு கிலோ பூனை 200 கிராம் இளைத்திருந்தால், 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம்.